தோசானின் மனைவி என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்: ஹெலன் ஆன் பற்றி ஒரு தனி இழை

வைகைக்கரையாள் எழுதியது:

கொரிய விடுதலைப் போராட்டம் பற்றிய இழையில் ஆன் சாங் ஹோவைப் பற்றி (தோசான் என்றால்தான் பலருக்குத் தெரியும்) பக்கம் பக்கமாகப் பேசினோம். அவர் மனைவி அதில் எங்கே வந்தார் என்று தேடிப் பார்த்தேன். "மனைவியுடன் அமெரிக்கா சென்றார்", அவ்வளவுதான். எனக்கு அது பொறுக்கவில்லை, அதனால் தனி இழை.

பெயர் லீ ஹே ரியான். அமெரிக்காவில் ஹெலன் ஆன். பிறந்தது 1884, தகப்பனார் கிராமத்துப் பள்ளி ஆசிரியர். சியோலில் மிஷனரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் படித்தவர். 1902 செப்டம்பரில் கல்யாணம், மறுநாளே பயணம், அக்டோபரில் சான்பிரான்சிஸ்கோ. வயது பதினெட்டு. ஹவாய்க் கரும்புத் தோட்டங்களுக்குக் கொரியத் தொழிலாளர்கள் கப்பலில் வந்து இறங்கியதே 1903 ஜனவரியில்தான், அதாவது இந்தப் பெண் அந்தக் கூட்டத்துக்கும் முந்தியவர். பேச்சுத்துணைக்கு ஒரு கொரியப் பெண் கிடைப்பதே அரிதான ஊரில் போய் இறங்கியிருக்கிறார்.

தோசான் அங்கே போனது கல்வி முறையைப் படிக்க. சான்பிரான்சிஸ்கோவில் இரண்டு ஜின்செங் வியாபாரிகள் குடுமியைப் பிடித்துக்கொண்டு தெருவில் சண்டை போட்டதைப் பார்த்து மனசு மாறி, படிப்பைத் தள்ளி வைத்துவிட்டு நம் ஆட்களை முதலில் திரட்டுவோம் என்று இறங்கினார், கொரியர்களின் வீடு வீடாகப் போய்க் கூட்டித் துடைத்துச் சுத்தம் செய்து கொடுத்தார் என்ற கதையை எல்லாரும் சொல்கிறார்கள். சரி, அருமையான கதைதான். ஆனால் அவருடைய சொந்த வீட்டு அடுப்பு எரிய வேண்டுமே? ஹே ரியான் வெள்ளைக்காரர் வீடுகளில் சமையலுக்கும் சலவைக்கும் துப்புரவுக்கும் போனார். அந்தக் கூலியைத்தான் பலரும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள்.

1904-இல் தெற்குக் கலிபோர்னியாவில் இருக்கும் ரிவர்சைடுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1905-இல் மூத்தவன் ஃபிலிப். 1907-இல் தோசான் கொரியாவுக்குக் கிளம்பிவிட்டார், திரும்பியது 1911-இல். கைக்குழந்தையோடு நாலு வருஷத்துக்கும் மேல் தனியாக. இது முதல் முறை மட்டும்தான்.

சதுரங்கன் எழுதியது:

நல்ல இழை அக்கா. ஆனால் ஒரு சந்தேகத்தை முதலிலேயே போட்டு வைக்கிறேன். தலைவர் வெளியே போவார், மனைவி வீட்டில் கஷ்டப்படுவார், கடைசியில் நாம் அந்தக் கஷ்டத்தைப் பொறுமை என்றும் தியாகம் என்றும் பாராட்டுவோம். எல்லா நாட்டுப் போராட்டத்திலும் இதே கதைதானே? "கூலிக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றினார்" என்பது பரிதாபத்துக்குரிய விஷயம், அதைப் பெருமையாக எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை. பொது வாழ்க்கையில் அவர் தானாகச் செய்தது என்ன? அதைச் சொல்லுங்கள்.

ரிவர்சைடு_ராசா எழுதியது:

நான் இந்தப் பக்கம்தான் இருக்கிறேன், அதனால் ஊரைப் பற்றிக் கொஞ்சம்.

அந்தக் குடியிருப்புக்குப் பெயர் பச்சாப்பா கேம்ப். ரயில் பாதைக்குப் பக்கத்தில், முன்பு ரயில்வேத் தொழிலாளர்களுக்காகப் போட்ட பலகைக் குடில்கள், சுமார் இருபது. மின்சாரம் கிடையாது, வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் கிடையாது. ஆரஞ்சு அறுவடைக் காலத்தில் 300 பேர் வரை இருந்திருக்கிறார்கள். 1908-இல் வந்த காப்பீட்டு நிறுவன வரைபடத்திலேயே "கொரியக் குடியிருப்பு" என்று போட்டிருக்கிறது. அமெரிக்காவின் மற்ற கொரியக் குடியிருப்புகளில் பெரும்பாலும் கல்யாணமாகாத ஆண்கள்தான், இங்கே மட்டும் குடும்பங்கள். பெண்கள், பிள்ளைகள், ஞாயிறு வழிபாடு, மாலையில் ஆங்கில வகுப்பு. குடும்பம் இருந்ததால்தான் அது ஊராக இருந்தது, இல்லாவிட்டால் கூலியாட்கள் தங்கும் கொட்டகையாகவே போயிருக்கும் என்பது என் கருத்து. அந்தக் குடும்பங்களில் மூத்த பெண்களில் ஒருவர் ஹே ரியான். அப்போது அவருக்கு இருபதுதான், "மூத்த" என்று சொல்லவே சிரிப்பாக இருக்கிறது.

1913 ஜனவரியில் கடும் உறைபனி விழுந்து ஆரஞ்சுப் பயிர் போயிற்று. வேலை இல்லாமல் ஆட்கள் கலைந்தார்கள். 2017-இல் நகராட்சி அந்த இடத்தைப் பண்பாட்டு முக்கியத்துவம் உள்ள இடமாக அறிவித்தது. நேரில் போனால் பெரிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஊர் நடுவில் மெயின் ஸ்ட்ரீட்டில் தோசானுக்குச் சிலை இருக்கிறது. அதே தெருவில் காந்திக்கும் மார்ட்டின் லூதர் கிங்குக்கும் சிலை உண்டு, நம்மவர்கள் காந்தியோடு படம் எடுத்துக்கொண்டு தோசானைக் கண்டுகொள்ளாமல் போவார்கள். லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள் சந்திக்கும் மேம்பாலத்துக்கும் தோசான் பெயர், கொரியாடவுனில் ஒரு தபால் நிலையத்துக்கும் தோசான் பெயர். அந்த அம்மா பெயரில் இந்தப் பக்கம் நான் எதையும் பார்த்ததில்லை.

வைகைக்கரையாள் எழுதியது:

சதுரங்கன், நியாயமான கேள்வி. பதில் இருக்கிறது.

ஜப்பான் ஆட்சியை எதிர்த்துக் கொரியாவில் நடந்த 1919 மார்ச் 1 எழுச்சிக்குப் பிறகு கலிபோர்னியாவில் அங்கங்கே இருந்த கொரியப் பெண்கள் சங்கங்கள் ஆகஸ்ட் 5 அன்று டைனூபா என்ற சிற்றூரில் கூடி ஒன்றாகி, கொரிய மகளிர் தேசபக்தச் சங்கத்தை உருவாக்கினார்கள். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில் அதில் முன்னின்று உழைத்தவர்களில் ஹே ரியானும் ஒருவர். இவர்கள் யார்? பழத்தோட்டக் கூலிகளின் மனைவிகள், பலர் தாங்களே கூலிகள். இவர்களிடம் காசு ஏது? வாரத்தில் இந்த நாளில் இறைச்சி இல்லை, இந்த நாளில் சோயா சாஸ் இல்லை என்று வீட்டுக்கு வீடு கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். கொரியச் சமையலில் சோயா சாஸ் இல்லாத நாள் என்றால் அது சாதாரண விஷயமில்லை, நம் வீட்டில் ஒரு நாள் புளியும் மிளகாயும் தொடக்கூடாது என்றால் என்ன கலவரம் நடக்கும்! ஜப்பானியப் பொருளையும் வாங்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். மிச்சம் பிடித்த காசு ஷாங்காயில் கொரியப் போராளிகள் அமைத்திருந்த தற்காலிக அரசுக்கும், கொரியாவில் கைதானவர்களின் குடும்பங்களுக்கும் போனது.

இரண்டாம் உலகப்போர் வந்தபோதும் இதே சங்கம் போர்க்கடன் பத்திரம் விற்றது, செஞ்சிலுவைச் சங்க வேலை பார்த்தது. அதாவது இருபது வருஷம் கழித்தும் சங்கம் உயிரோடு இருந்தது. ஆண்கள் நடத்திய அமைப்புகள் அந்த இடைவெளியில் எத்தனை முறை கோஷ்டியாக உடைந்தன என்று இங்கே பலருக்குத் தெரியும்.

முத்துச்சிப்பி எழுதியது:

இதில் சட்டப் பின்னணியைச் சேர்க்காவிட்டால் அந்தக் காலம் முழுசாகப் புரியாது. 1913-இல் கலிபோர்னியா கொண்டுவந்த நிலச் சட்டத்தின்படி குடியுரிமை பெறத் தகுதி இல்லாத வெளிநாட்டவர் விவசாய நிலம் வாங்க முடியாது. தகுதி இல்லாதவர் யார்? ஆசியாவிலிருந்து வந்து குடியேறியவர்கள். கொரியர்களுக்கு அந்தத் தடை நீங்கியது 1952-இல். கணக்குப் போடுங்கள்: 1902-இல் வந்த பெண், ஐந்து பிள்ளைகளை அந்த நாட்டில் பெற்றவர், மூன்று பிள்ளைகளை அந்த நாட்டு ராணுவத்துக்கும் கடற்படைக்கும் அனுப்பியவர், அரை நூற்றாண்டாகியும் அங்கே அந்நியர். போதாக்குறைக்கு, கொரியா ஜப்பான் கையில் இருந்ததால் பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு கொரியர்களையும் ஜப்பான் குடிமக்கள் கணக்கில் சேர்த்து எதிரி நாட்டவர் என்று வைத்தார்கள். "நான் கொரியன்" என்று சட்டையில் பட்டை குத்திக்கொண்டு தெருவில் நடந்திருக்கிறார்கள். ஜப்பானை எதிர்த்தே வாழ்க்கையைக் கழித்த வீட்டுக்கு இது எப்படி இருந்திருக்கும்!

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் வேறொரு கணக்குப் போட்டேன். கல்யாணம் 1902. தோசான் இறந்தது 1938 மார்ச் 10. முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேல். அதில் சேர்ந்து வாழ்ந்தது?

1902 முதல் 1907 வரை. பிறகு 1911 முதல் 1919 வரை, அதிலும் 1917-18-இல் பல மாதம் மெக்சிகோவில் கற்றாழை நார்த் தோட்டங்களில் சிக்கிக்கிடந்த கொரியர்களைப் பார்க்கப் போய்விட்டார். 1919-இல் சீனா. 1924 கடைசியில் வந்து 1926 மார்ச்சில் மறுபடியும் கிளம்பினார், அவ்வளவுதான், பிறகு வரவேயில்லை. 1932-இல் ஷாங்காயில் யுன் போங் கில் என்ற கொரியப் போராளி ஜப்பானிய அதிகாரிகள் மேல் குண்டு வீசிய அன்றே இவரைப் பிடித்தார்கள், சிறை, விடுதலை, மறுபடி சிறை, மரணம்.

கூட்டினால் பதின்மூன்று வருஷம் தேறும். கடைசி மகன் ரால்ஃப் பிறந்தது 1926 செப்டம்பர். அப்பா கிளம்பிய பிறகு பிறந்த பிள்ளை, அப்பாவைப் பார்த்ததே இல்லை.

சதுரங்கன் எழுதியது:

இதைத்தான் நான் கேட்கிறேன். நாட்டுக்காகப் போனார் என்பதற்காக இதைக் கேள்வி கேட்கக் கூடாதா? ஐந்து பிள்ளைகளை ஒரு பெண்ணின் தலையில் போட்டுவிட்டுப் போவது எந்த நியாயத்தில் சேரும்? அந்த அம்மாவிடம் யாராவது கேட்டார்களா?

மேகலை எழுதியது:

கேட்கலாம் தம்பி, தாராளமாகக் கேட்கலாம். தோசானே அதைக் கேட்டுக்கொண்டவர்தான். அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன, கணவனாக உனக்கு ஆறுதலும் மகிழ்ச்சியும் தரவில்லையே என்ற வருத்தம் அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் கடிதங்கள் இன்றைக்கு நம் கையில் இருக்கக் காரணம் யார் என்று நினைக்கிறீர்கள்? வீடு மாறி வீடு மாறி, வாடகை வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் நடுவில் அவற்றைப் பத்திரப்படுத்திய ஹே ரியான். பிற்பாடு குடும்பம் தென்கொரியாவில் சோனான் நகரத்தில் இருக்கும் சுதந்திர மண்டபத்துக்குக் கொடுத்தது.

ஆனால் இவரை நான் "பாவம்" என்று பார்க்கவில்லை. வடக்கு ஃபிகரோவா தெருவில் இவர்கள் குடியிருந்த வீடு ஹுங்சாதான் அமைப்பின் கூடமாகவும் இருந்தது. கொரிய இளைஞர்களை ஒழுக்கத்திலும் கல்வியிலும் வளர்க்க 1913-இல் தோசான் தொடங்கிய அமைப்பு அது. படிக்க வந்த மாணவர்கள், வேலை தேடி வந்த தனி ஆட்கள், ஊர் ஊராகப் போகும் தலைவர்கள் எல்லாருக்கும் அதுதான் இறங்கும் இடம். தோசான் ஊரில் இல்லாத வருஷங்களிலும் அந்த வீடு அப்படியேதான் நடந்தது. யார் நடத்தினார்கள்? யாரோ ஒருவர் அரிசி எத்தனை படி என்று பார்த்திருக்க வேண்டும், ராத்திரி வந்து சேரும் ஆளுக்குப் படுக்கை போட்டிருக்க வேண்டும், நாளைக்கு எந்தப் பண்ணையில் ஆள் எடுக்கிறார்கள் என்ற தகவலைச் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். தலைவரின் சொற்பொழிவுக்குத்தான் குறிப்பெடுப்பார்கள், இதற்கெல்லாம் யாரும் குறிப்பு எழுதி வைப்பதில்லை. நான் வெளிநாட்டில் ஒரு தமிழ்ப் பள்ளி சனிக்கிழமைகளில் ஓடுவதைப் பல வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவள். ஆண்டு விழா மேடையில் நிற்பவர்களால் அது ஓடுவதில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

ரிவர்சைடு_ராசா எழுதியது:

அக்கா, கடைசி வரிக்கு இங்கே பல பேர் கை தட்டுவார்கள்.

கரிசல்குயில் எழுதியது:

பிள்ளைகளைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. எனக்கு ஃபிலிப் ஆனைத் தெரியும், அதாவது திரையில். எழுபதுகளில் வந்த "குங்ஃபூ" தொலைக்காட்சித் தொடரில் மாஸ்டர் கான் என்ற பெரியவராக வந்தவர். இவருக்குப் பின்னால் இப்படி ஒரு குடும்பம் என்று இந்த இழை வரை தெரியாது.

வைகைக்கரையாள் எழுதியது:

அதே ஃபிலிப்தான். அம்மாவுக்கு அவர் நடிகராவது துளியும் பிடிக்கவில்லை. இளைஞனாக இருந்தபோது ஒரு படப்பிடிப்பைப் பார்க்கப் போய், அந்தக் கால ஹாலிவுட் நட்சத்திரம் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் கண்ணில் பட்டு, வாய்ப்பு வரும்போல் இருந்ததாம். வீட்டில் வந்து சொன்னதும் அந்த மாதிரி ஆட்களோடு என் பிள்ளைக்கு என்ன சகவாசம் என்று அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார் என்று சொல்வார்கள். சினிமா வந்த புதிதில் எந்த ஊர் அம்மாவும் சொல்லியிருக்கக்கூடிய பதில். 1930-களின் நடுவில்தான் அவர் திரைக்கு வந்தார். போர்க்காலத்தில் ஹாலிவுட் அவருக்குக் கொடுத்த வேஷம் என்ன தெரியுமா? ஜப்பானிய வில்லன். ஜப்பானியர் சிறையில் வதைபட்டு உடல் நொந்து இறந்தவரின் மகன், வாரா வாரம் ஜப்பானிய அதிகாரி உடுப்பு மாட்டிக்கொண்டு நடித்தார். 1984-இல், இறந்து ஆறு வருஷம் கழித்து, ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயருக்கு ஒரு நட்சத்திரம் பதித்தார்கள்.

மகள் சூசன் இன்னும் ஒரு படி மேலே. 1942-இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்தார், முதலில் ஆசியப் பெண் என்று மறுத்துவிட்டார்கள், விடாமல் மறுபடி விண்ணப்பித்தார். கடற்படையில் பீரங்கிப் பயிற்சி கொடுத்த முதல் பெண் அதிகாரி அவர்தான். பிறகு உளவுத்துறைப் பணி. 2015-இல் நூறு வயதில் இறந்தார். 1926-இல் கடைசியாகக் கிளம்பும்போது நல்ல அமெரிக்கர்களாக இருங்கள், ஆனால் கொரியர் என்பதை மறக்காதீர்கள் என்று அப்பா சொன்னதை அவர் வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா ஒரு நாள் சொன்னார், சரி. அதைப் பிள்ளைகள் தினம் தினம் செய்யும்படி பார்த்துக்கொண்டது அம்மா. வீட்டில் கொரிய மொழி, ஞாயிறு தேவாலயம், கூட்டங்களுக்கு நாற்காலி போடுவது பிள்ளைகள் வேலை.

முத்துச்சிப்பி எழுதியது:

ஆனால் சூசன் விஷயத்தில் இன்னொன்றும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சதுரங்கன் சொன்ன மாதிரி எல்லாம் தங்கப்பூச்சு ஆகிவிடும். சூசன் 1947-இல் ஃபிராங்க் கடி என்ற ஐரிஷ் வழி அமெரிக்கரைக் கல்யாணம் செய்தார். கலப்பு மணம் அப்போது வர்ஜீனியாவில் சட்டப்படி குற்றம், அதனால் வாஷிங்டனில் கடற்படைத் தேவாலயத்தில் வைத்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு இதில் சம்மதமில்லை. கொரியப் பெண், கொரிய மாப்பிள்ளை என்ற எண்ணத்தில் அவர் பிடிவாதமாக இருந்திருக்கிறார். துப்பாக்கி பிடிக்கப் போன மகளை வழியனுப்பிய அம்மா, கல்யாணத்துக்கு மட்டும் முகம் சுளித்தார். எனக்கு இது அவரைக் குறைத்துக் காட்டவில்லை, ஆள் உண்மையானவராகத் தெரிகிறார்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

இழை கொஞ்சம் விலகுகிறது, இருந்தாலும். பிற்காலத்தில் அமெரிக்கா வந்த கொரியர்களிடம் "கே" என்ற ஏற்பாடு உண்டு, பத்துப் பதினைந்து பேர் மாதாமாதம் பணம் போட்டு முறை வைத்து மொத்தமாக எடுத்துக்கொள்வது. அப்படியே நம் சீட்டு. 1965-க்குப் பிறகு வந்தவர்கள் லாஸ் ஏஞ்சலஸில் மளிகையும் சலவைக்கடையும் தொடங்கியதில் இதற்குப் பெரிய பங்கு. நடத்தியவர்களில் பெண்கள் நிறைய. வங்கி கண்டுகொள்ளாத ஆட்களுக்கு இந்த அம்மாக்கள்தான் வங்கி.

சதுரங்கன் எழுதியது:

சரி, பெண்கள் சங்கம், ஃபிகரோவா தெரு வீடு இரண்டும் எனக்குப் புதுச் செய்தி. இதைத்தான் எதிர்பார்த்தேன். அப்படியென்றால் கொரிய அரசு அங்கீகரித்ததா?

வைகைக்கரையாள் எழுதியது:

தோசானுக்கு 1962-இல் நாட்டின் மிக உயர்ந்த விடுதலை விருது. ஹே ரியானுக்கு 2008-இல், இறந்து 39 வருஷம் கழித்து, அதே வரிசையில் பல படி கீழான ஒன்று. இடையில் 46 வருஷம். எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை, எரிச்சல்தான். விருதுக்கு ஆவணம் கேட்பார்கள். சங்கத் தீர்மானம், கைது உத்தரவு, தண்டனைத் தாள். பன்னிரண்டு பேருக்குச் சோறு வடித்ததற்கு ரசீது ஏது? அவருக்குக் கடைசியில் விருது கிடைத்ததற்குக் கூட அந்த மகளிர் சங்கப் பணியும் நன்கொடைப் பதிவும் எழுத்தில் இருந்ததுதான் உதவியது என்று நினைக்கிறேன்.

மேகலை எழுதியது:

1969 ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலஸில் இறந்தார். இன்றைக்கு அவர் இருப்பது சியோலில், கங்னம் பகுதியில் தோசான் பூங்காவில். 1973-இல் அந்தப் பூங்காவை அமைத்தபோது தோசானின் உடலை மாங்கூரி இடுகாட்டிலிருந்து கொண்டு வந்தார்கள், இவர் உடலை அமெரிக்காவிலிருந்து கொண்டு போய்ப் பக்கத்தில் வைத்தார்கள். கடைசியிலாவது சேர்ந்தார்களே என்று பலர் உருகி எழுதுகிறார்கள்.

எனக்கு என்னவோ மனசு ஒப்பவில்லை. அறுபத்தேழு வருஷம் வாழ்ந்த ஊர் அமெரிக்கா. பிள்ளைகள் அங்கே, பேரப்பிள்ளைகள் அங்கே, கட்டி வளர்த்த சமூகம் அங்கே. அந்தப் பூங்காவுக்கும் கணவர் பெயர்தான்.

கரிசல்குயில் எழுதியது:

அக்கா, இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பதின்மூன்று வருஷம்தான் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்று மேலே கணக்கு வந்ததே. மீதி வருஷங்களை ஒரு நாடு திருப்பிக் கொடுக்க நினைத்தால் வேறு என்ன செய்யும்? பிள்ளைகளும் உயிரோடுதானே இருந்தார்கள்.

மேகலை எழுதியது:

பிள்ளைகள் இருந்தார்கள், உண்மைதான். நான் குடும்பத்தைக் குறை சொல்லவில்லை. அந்த அம்மாவைத் தேடி லாஸ் ஏஞ்சலஸ் வருகிறவனுக்குப் போக ஓர் இடம் வேண்டாமா என்றுதான் கேட்கிறேன்.

ரிவர்சைடு_ராசா எழுதியது:

இடம் இருக்கிறது அக்கா. முப்பதுகளின் கடைசியிலிருந்து அந்தக் குடும்பம் குடியிருந்த மர வீட்டை இடிக்காமல், அப்படியே பெயர்த்துத் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழக வளாகத்தில் வேறொரு இடத்துக்கு நகர்த்தி வைத்திருக்கிறார்கள். இப்போது அங்கே கொரிய ஆய்வு நிறுவனம் இயங்குகிறது. தோசான் கொரியாவில் இருந்த கடைசிக் காலம் அது, அவர் அந்த வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியவர் இல்லை. ஆனாலும் வழிகாட்டியில் தேடும்போது "ஆன் குடும்ப வீடு" என்று தேடுங்கள். வார நாளில் போங்கள், சனி ஞாயிறு பூட்டியிருக்கலாம், வளாகத்துக்குள் வண்டி நிறுத்தவும் பணம் கட்ட வேண்டும்.